திதி பார்த்து நகரும் மட்டி: டர்பன் முதல் எலாண்ட்ஸ் பே வரை

துவாதசி, டர்பன்

வெள்ளை மட்டி தேடிக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். தென்னாப்பிரிக்கக் கடற்படை வெளியிடும் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல், மணி, நிமிடம் எல்லாம் சொல்லும். அதுவும் கையில் இருக்கட்டும். ஆனால் எந்த வாரம் புறப்படுவது என்று முடிவுசெய்ய, டர்பனின் இந்தியக் குடியிருப்பான சாட்ஸ்வொர்த் வீடுகளின் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஓரிரு நாளில் கடல் நன்றாக உள்வாங்கும், நன்றாக மேலேறும். அஷ்டமி, நவமியில் இரண்டுமே மந்தம். இந்த நாட்டுக் கரையில் அமாவாசை ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் இருக்கும். அஷ்டமியில் அது அரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். இன்னொரு வசதியும் உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாட்களின் பெரிய வற்றம் இங்கே காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் விழுகிறது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. இந்தக் குறிப்புகளுக்குத் தேதி போடாமல் திதி போட்டிருப்பது அதனால்தான். மட்டியும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

நாம் தேடும் வெள்ளை மட்டியின் அறிவியல் பெயர் டோனாக்ஸ் செர்ரா. நமீபியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் வரை, அலை ஓங்கி அடிக்கும் திறந்த மணற்கரைகளில் புதைந்து வாழும் மட்டி. தமிழ்நாட்டுக் கரையில் அலைநுனியோடு ஏறி இறங்கும் சின்ன ஆப்பு மட்டிகளும் இதே பேரினம்தான். அவை விரல் நகம் அளவு. இது 8 செ.மீ. தாண்டி வளரும், தன் பேரினத்தில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

டர்பன் கரையில் அதன் பெரிய திட்டுகள் கிடையாது. அகுல்யாஸ் நீரோட்டம் வெந்நீரைக் கரையோரமாகவே கொண்டுவருகிறது. கரை செங்குத்து, மணல் பருமன், அலை ஒரே அடியாக வந்து மோதித் திரும்பிவிடும். இங்கே கிடைப்பவை அதே பேரினத்தின் சிறிய இனங்கள். தூண்டில்காரர்கள் இங்கே இரைக்காகத் தோண்டுவதும் மட்டியை அல்ல, ‘சீ லைஸ்’ என்று அவர்கள் சொல்லும் எலி நண்டுகளைத்தான். குளிர்காலத்தில் சாளை மீன் கூட்டம் வரும்போது கரைவலை இழுக்கும் இந்தியக் குடும்பங்கள் இந்தக் கரையை மூன்று நான்கு தலைமுறையாக அறிந்தவை. ஆனால் வெள்ளை மட்டி அவர்கள் வலைக்குச் சம்பந்தமில்லாத சரக்கு. தூண்டில் கடைகளில் பனிக்கட்டிப் பொட்டலமாகத்தான் அதை இங்கே பார்க்கலாம்.

டர்பனிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: உரிமம். பொழுதுபோக்காக மட்டி எடுப்பதற்கான அனுமதிச் சீட்டு தபால் நிலையத்தில் கிடைக்கும். சீட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு மடித்து வைக்கவும். வெள்ளை மட்டிக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 வரை. 35 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து போகும் மட்டியை எடுக்கக் கூடாது. எடுத்ததை விற்கவும் கூடாது. விதிகள் மாறக்கூடியவை, அதனால் பழைய சீட்டை நம்பி இறங்க வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து போனால் நான்கு பேரிடமும் தனித்தனிச் சீட்டு இருக்க வேண்டும். “அண்ணே, ஒரு சீட்டு போதும், நாங்க எல்லாம் ஒரே குடும்பம்” என்பது ஆய்வாளரிடம் எடுபடாது.

சதுர்த்தசி, என்2 நெடுஞ்சாலை

டர்பனிலிருந்து க்கெபெர்ஹாவுக்கு, அதாவது 2021 வரை போர்ட் எலிசபெத் என்று இருந்த ஊருக்கு, 900 கிலோமீட்டருக்கு மேல். டிரான்ஸ்கெய் மலைகளில் சாலை வளைந்து நெளிந்து போகும், மாடுகள் குறுக்கே நிற்கும், இருட்டில் ஓட்டாமல் இருப்பது நல்லது. அந்தக் கரையில் க்ஹோசா இனப் பெண்கள் வற்றத்தின்போது எடுப்பது பாறையில் ஒட்டும் பழுப்பு மஸல். அது நூல்விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்ளும் சாதி. மணல் மட்டிக்கு நூலும் இல்லை, பிடித்துக்கொள்ளப் பாறையும் இல்லை. அது உயிர்வாழ்வது தோண்டும் வேகத்தை நம்பி மட்டுமே.

அமாவாசை, மெயிட்லண்ட்ஸ் கரை

க்கெபெர்ஹாவுக்கு மேற்கே, மெயிட்லண்ட்ஸ் ஆறு கடலில் சேரும் இடம். நகரத்தின் மலபார் பகுதித் தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வருவதற்கு வாகான தூரம். பின்னால் உயரமான மணற்குன்று, முன்னால் அகலமான சாய்வான கரை, அடுக்கடுக்காக உடையும் அலை. வெள்ளை மட்டிக்கு ஏற்ற கரை என்றால் இதுதான். அலை ஒன்றல்ல, பல வரிசையாக உடைய வேண்டும். அப்போதுதான் கரையேறும் நீர் மெதுவாகப் பரவி மெதுவாக வடியும். மட்டிக்கு மேலே வரவும், மறுபடி புதையவும் அவகாசம் கிடைக்கும். செங்குத்துக் கரையில் அந்த அவகாசம் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நீர் விளிம்பிலேயே தோண்டுவது. கிழக்குக் கேப் கரையில் வளர்ந்த மட்டிகள் கரையின் நடுப்பகுதியில், ஏற்றக் கோட்டுக்கும் வற்றக் கோட்டுக்கும் பாதியில் கிடக்கும். குஞ்சுகள்தான் கீழே, நீரை ஒட்டி. கீழே தோண்டினால் கையில் வருவதெல்லாம் வளையத்துக்குள் நழுவும் பொடிகள். ஆகவே வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து, ஏற்றம் விட்டுச்சென்ற குப்பைக் கோட்டை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து நீர் விளிம்பு வரை நேராக நடந்து, பாதித் தூரத்தில் நின்று தேடத் தொடங்க வேண்டும்.

அந்தப் பாதி எது என்பதும் நிலையானதல்ல. அமாவாசை, பௌர்ணமி நெருங்கும்போது மட்டித் திட்டு முழுவதும் மேல்நோக்கி நகரும். அஷ்டமி நெருங்கும்போது கீழே இறங்கும். ஏற்றம் எட்டாத உயரத்தில் மாட்டிக்கொண்டால் இரை கிடையாது, வெயிலும் பறவையும் மட்டும்தான். எனவே பதினைந்து நாளுக்கொரு முறை இந்த ஏற்ற இறக்கம். இதே கரையில் இருக்கும் சிறிய இனமான டோனாக்ஸ் சொர்டிடஸ் இன்னும் சுறுசுறுப்பு. ஒவ்வொரு ஓதத்துக்கும் அலைநுனியோடு மேலேறிக் கீழிறங்கும். போன வாரம் கண்டுபிடித்த இடத்தைக் கோடுபோட்டு வைத்துக்கொண்டு இந்த வாரம் அங்கேயே தோண்டுகிறவர் வெறுங்கையோடு போவது இதனால்தான்.

நகர்வது எப்படி என்பதைக் கரையில் குந்தி உட்கார்ந்தால் பார்க்கலாம். அலைநீர் வந்து மணலைக் கலக்கி இளக்கும்போது மட்டி மேலே கிளம்பும். பாதத்தையும் குழல்களையும் நீட்டிக்கொண்டு ஓடும் நீரில் உருளும். நீரின் வேகம் குறைந்த கணத்தில் பாதத்தை மணலில் ஊன்றி மறையும். மட்டி நீந்துவதில்லை, தூக்கிப்போகும் வேலையை அலை செய்கிறது. எப்போது கிளம்புவது, எப்போது ஊன்றுவது என்பது மட்டும்தான் மட்டியின் பங்கு.

புதையும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எடுப்பதும் திருப்பி வைப்பதும் அதைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. ஓட்டின் ஒரு முனை நீளம், மறுமுனை சரிவாக வெட்டுப்பட்டது. நீண்ட முனைதான் முன்பக்கம். அதுதான் முதலில் மணலுக்குள் போகும். வெட்டுப்பட்ட முனை மேலே, குழல்கள் அந்தப் பக்கம். முதலில் தட்டையான சதைப் பாதம் நீண்டு மணலைத் துழாவிக் குத்தி இறங்கும். போதிய ஆழம் போனதும் இரத்தம் பாத நுனிக்குப் பாய்ந்து நுனி வீங்கும், மணலைக் கவ்வும். உடனே குழல்கள் மூடிக்கொள்ளும், ஓட்டின் இரு பக்கத்து மூடுதசைகள் சடக்கென்று இறுகும். உள்ளே இருந்த நீர் பாதத்தைச் சுற்றிப் பீறிட்டு வெளியேறி அங்கிருக்கும் மணலைக் கூழாக்கும். அந்தக் கூழுக்குள் பாதத்தின் முன் இழுதசையும் பின் இழுதசையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்க, ஓடு முன்னும் பின்னும் ஆடி ஆடிக் கீழே இறங்கும். பிறகு ஓடு சற்றே விரிந்து பக்கத்து மணலில் இறுகும். அந்தப் பிடியை வைத்துக்கொண்டு பாதம் மறுபடி கீழே போகும். மூடுவதும் விரிவதும் திரும்பத் திரும்ப. குஞ்சுகள் சில நொடியில் மறைந்துவிடும், பெரியவை கூடுதல் நேரம் எடுக்கும்.

இந்தச் சங்கிலியில் இரண்டு இடம் பழுதாகலாம். ஒன்று, மணலில் நீர் இல்லாவிட்டால் கூழ் ஆகாது. உலர்ந்த மேட்டு மணலில் வைத்த மட்டி எவ்வளவு பலமானதாக இருந்தாலும் புதைய முடியாது. இரண்டாவது, குளிர். தசை வேலை வெப்பத்தைப் பொறுத்தது. கோடையில் இந்தக் கரையில் கிழக்குக் காற்று நாள்கணக்கில் அடித்தால் மேல்நீர் வெளியே தள்ளப்பட்டு ஆழத்துக் குளிர்நீர் மேலேறும். கடல் சட்டென்று பல டிகிரி இறங்கிவிடும். அப்போது மட்டியின் தோண்டும் வேகம் குறையும். அலை புரட்டிப்போட்டவை மறுபடி புதைவதற்குள் அடுத்த அலை வந்து இன்னும் மேலே தள்ளும். கிழக்குக் காற்றுக்கு மறுநாள் கரையில் உயிருள்ள மட்டிகள் பரவலாகக் கிடந்தால் நோய் வந்துவிட்டது என்று பதற வேண்டாம். முதலில் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள்.

எடுக்கும் முறை. அலைநீர் வடிந்து மணலின் மினுக்கம் மறையும் நேரத்தில் பக்கம் பக்கமாக இரண்டு சிறு குழிகள் தென்படும். ஒன்று நீர் உள்ளே இழுக்கும் குழல், மற்றொன்று வெளியே விடும் குழல். இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக இருப்பவை. குழி தெரியாவிட்டால் வெறுங்காலோடு நின்று குதிகாலை இடமும் வலமும் திருகவும். மணல் இளகிக் கால் இறங்க, கெட்டியான விளிம்பு தட்டுப்படும். விரல்களை மட்டியின் பக்கவாட்டில் இறக்கி, அடியிலிருந்து தூக்க வேண்டும். மேலிருந்து பிடித்து இழுத்தால் நீட்டிய பாதம் அறுந்துபோகும். அந்த மட்டி வளையத்துக்குச் சிறியதாக இருந்தால் திருப்பி விட்டும் பயனில்லை. மண்வெட்டி வேண்டவே வேண்டாம். ஓடு உடையும், அதோடு அக்கம்பக்கத்துக் குஞ்சுகள் எல்லாம் வெளியே வந்து கடற்காகத்துக்கு விருந்தாகும்.

வளையத்தைப் பற்றி ஒரு சொல். மட்டி அதற்குள் நீளவாக்கில் நுழையும், எனவே அது அளப்பது நீளத்தையல்ல, ஓட்டின் உயரத்தை. வளையத்தில் தங்கும் மட்டி ஏறத்தாழ 5 செ.மீ. நீளமோ அதற்கு மேலோ இருக்கும். அளவுகோலை நீளவாக்கில் பிடித்து “நாலு செ.மீ. இருக்கு, போதும்” என்று பையில் போடுவது அபராதத்துக்கு வழி. சிறியதைத் திருப்பி வைக்கும்போது அலை எட்டும் ஈர மணலில், நீண்ட முனை கீழே இருக்குமாறு பாதி வரை அழுத்தி விடவும். கடலுக்குள் வீசி எறிவது இரக்கமாகத் தோன்றும். உண்மையில் நண்டுக்குத்தான் போய்ச் சேரும். தோண்டிய பள்ளத்தையும் காலால் மூடிவிட்டு நகரவும்.

பிரதமை, சன்டேஸ் ஆற்று முகம்

இன்று எடுப்பதற்கு வரவில்லை, பார்ப்பதற்கு. ஆற்று முகத்துக்குக் கிழக்கே அலெக்சாண்ட்ரியா மணற்குன்றுகள் சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2 முதல் 3 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓடுகின்றன. இந்தக் கடலோரம் 2019-இல் அறிவிக்கப்பட்ட ஆடோ யானைத் தேசியப் பூங்காவின் கடற்பாதுகாப்புப் பகுதியைச் சேர்ந்தது. எந்த மண்டலத்தில் என்ன செய்யலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

இங்கே பார்க்க வேண்டியது தண்ணீரின் நிறம். காலையில் வெயில் ஏறும்போது அலை உடையும் இடத்தில் பழுப்புத் திட்டுகள் தோன்றும், நுரையும் பழுப்பாக இருக்கும். சாக்கடைநீர் கலந்துவிட்டது என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அவை டயாட்டம் என்ற ஒரு செல் நுண்பாசி, உயிருள்ளவை. அனாவுலஸ் ஆஸ்ட்ராலிஸ் என்ற இனம். பகலில் இவை குமிழிகளைப் பிடித்துக்கொண்டு மேலே மிதந்து அலை வலயத்தில் குவியும். மாலையில் கீழிறங்கி, இரவை அலை வலயத்துக்கு வெளியே அடிமணலில் கழிக்கும். வெள்ளை மட்டியின் சாப்பாடு பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பாசிக்கு உரம் எங்கிருந்து வருகிறது? ஒரு வழி, பின்னால் நிற்கும் மணற்குன்றுகள். அவற்றின்மேல் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, நிலத்தடி நீராகக் கரைந்த உப்புகளைச் சுமந்து கரை மணல் வழியே அலை வலயத்துக்குள் கசிகிறது. இன்னொரு வழி மட்டியே. அது பாசியைத் தின்று அம்மோனியாவை வெளியே விடுகிறது, பாசி அதை எடுத்துப் பெருகுகிறது. ஆற்றையும் ஆழ்கடலையும் மட்டுமே நம்பி இருக்காமல் கரை தன் சாப்பாட்டில் ஒரு பங்கைத் தானே சுழற்றிக்கொள்கிறது. மணற்கரை என்றால் வெறும் பாலை என்ற எண்ணத்தை மாற்றிய ஆய்வுகளில் பல இந்தக் கரையில், அன்றைய போர்ட் எலிசபெத் பல்கலைக்கழகத்தில் அன்டன் மெக்லாக்லனும் அவர் குழுவினரும் செய்தவை. அந்தப் பல்கலைக்கழகம் 2005-இல் வேறு கல்வி நிறுவனங்களோடு இணைக்கப்பட்டு, இன்று நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகம் என்ற பெயரில் இருக்கிறது.

மட்டி இந்தப் பாசியை எப்படிப் பிரித்தெடுக்கிறது? உள்ளிழுக்கும் குழலின் வாயில் கிளைத்த நுண்விரல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி நிற்கும். மாவு சலிக்கும் சல்லடையின் வேலையைச் செய்து மணலை வெளியே நிறுத்தும். உள்ளே வந்த நீர் செவுள்களைக் கடக்கும்போது பாசி சளியில் ஒட்டி வாய்க்குப் போகும். அலை புரட்டும் இடம் என்பதால் சல்லடை தாண்டி எப்போதும் கொஞ்சம் மணல் உள்ளே வந்துவிடும். சமையலில் பல்லில் நறநறப்பது அந்த மிச்சம்தான். அதைப் பற்றிப் பஞ்சமியன்று.

மட்டியைத் தின்ன இங்கே வரிசை நீளம். கறுப்பு உடலும் சிவப்பு அலகுமாக ஆப்பிரிக்கக் கருஞ்சிப்பிபிடிப்பான் வற்றத்தின்போது கரையில் நடக்கும். ஓடு கொஞ்சம் திறந்திருக்கும் நேரம் பார்த்து அலகைச் செருகி மூடுதசையை அறுக்கும். ஓட்டில் கீறல்கூட இருக்காது. பெரிய கடற்காகம் வேறு வழி: மட்டியைத் தூக்கிப் பறந்து கெட்டி மணலிலோ வாகன நிறுத்தத்திலோ போட்டு உடைக்கும். கடற்கரை நிறுத்தத்தில் நொறுங்கிய வெள்ளை ஓடு கிடந்தால் எதிரே மட்டித் திட்டு இருக்கிறது என்று அர்த்தம். கூட்டிப் பெருக்கும் தொழிலாளிக்குத் தொல்லை, தேடுகிறவருக்கு இலவசத் தகவல். நீருக்கடியில் மூன்று புள்ளி நீந்து நண்டு, வெள்ளை ஸ்டீன்ப்ராஸ் மீன். அடிபட்டோ செத்தோ கிடப்பதைப் புல்லியா சங்குகள் மோப்பம் பிடித்து, அகன்ற பாதத்தை விரித்து அலையில் சறுக்கி வந்து தின்று தீர்க்கும்.

சக்கரம் தனிப் பகை. கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்கான பொதுத் தடை 2001 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு மறு மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆழத்தில் புதைந்த மட்டிக்குச் சக்கரத்தால் பெரிய சேதம் இல்லை. மேல்மணலில் இருக்கும் சிறியவற்றுக்கும், மேட்டில் முட்டையிடும் சிப்பிபிடிப்பானுக்கும்தான் ஆபத்து. தடைக்குப் பிறகு அந்தப் பறவையின் தொகை கூடியிருக்கிறது.

குன்றுகளுக்கு இடையிலான பள்ளங்களில் வெள்ளை மட்டி ஓடுகள் குவியலாகக் கிடப்பதைப் பார்க்கலாம். கடற்காகம் போட்டவை அல்ல. இந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய்சான் மக்கள் சுட்டுத் தின்று விட்டுப்போன குவியல்கள். கரியும் கல்லாயுதமும் கூடவே இருக்கும். ஒரு ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் அவற்றைக் காக்கிறது.

துவிதியை, சாலை

மேற்கே 750 கிலோமீட்டர் சொச்சம், பகல் முழுக்க. ஓத அட்டவணையின்படி மிகப் பெரிய வற்றம் இன்றுதான், அது வண்டிக்குள்ளேயே கழிந்தது. நாளைய வற்றமும் மோசமில்லை.

திருதியை, ஐசர்ஃபொன்டெய்ன்

கேப் டவுனிலிருந்து ஆர்27 சாலையில் வடக்கே 85 கிலோமீட்டர். கடல் வேறு. பெங்குவேலா நீரோட்டத்தின் அடிநீர் மேலேறும் கரை இது. கோடை நடுவிலும் தண்ணீர் 10 முதல் 15 டிகிரிதான். கால் மரத்துப்போகும், எனவே நனைந்தாலும் சூடு காக்கும் காலுறை வேண்டும். அதைப் போட்டுக்கொண்டால் குதிகாலில் ஓடு தட்டுவது மங்கலாகத்தான் தெரியும்; கையால் துழாவ வேண்டியிருக்கும்.

முக்கியமான வேறுபாடு இடத்தில். மெயிட்லண்ட்ஸில் பழகியவர் இங்கே கரை நடுவில் நின்று தோண்டினால் பொடி மட்டிகள்தான் அகப்படும். மேற்குக் கரையில் வரிசை தலைகீழ்: குஞ்சுகள் மேலே, வளர்ந்தவை வற்றக் கோட்டிலும் அதற்குக் கீழே எப்போதும் நீர் நிற்கும் இடத்திலும். வடிவமும் கொஞ்சம் மாறும். கிழக்குக் கேப் மட்டி தட்டையாக, ஆப்பு வடிவம் தூக்கலாக இருக்கும்; மணலைப் பிளந்து வேகமாக இறங்குவதற்கு ஏற்ற உடல். மேற்குக் கரை மட்டி சற்று உருண்டை. அலைநீர் ஏறி இறங்கும் நடுக்கரையில் வாழ வேகம் கட்டாயம். எப்போதும் நீர் மூடியிருக்கும் கீழ்க்கரையில் அவ்வளவு அவசரம் இல்லை.

ஆகவே இங்கே அமாவாசை, பௌர்ணமியை விட்டால் வழியில்லை. அஷ்டமியில் வந்தால் பெரிய மட்டிகள் இடுப்பளவு நீருக்கு அடியில், உடையும் அலைக்கு நடுவில் கிடக்கும். திருதியையின் வற்றத்தில் முழங்கால் நீரில் நின்றே வேலை முடிந்துவிடும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, திரும்பத் தொடங்கியதும் வெளியேறிவிட வேண்டும். குனிந்தே இருக்கும் வேலை என்பதால் ஒருவர் தேட, ஒருவர் நின்று அலையைப் பார்ப்பது முறை. வலைப்பையை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். வாளியை மணலில் வைத்தால் கடல் எடுத்துக்கொள்ளும்.

ஊருக்கு வடக்கே நீளும் கரை மேற்குக் கடற்கரைத் தேசியப் பூங்காவின் பக்கம் போகிறது. எல்லைப் பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும்.

கையில் எடுத்த மட்டியை ஒரு முறை நன்றாகப் பார்க்கவும். வெட்டுப்பட்ட பின்முனையில் சுருக்கம் சுருக்கமாக வரிகள். விளிம்பின் உள்பக்கம் நுண்ணிய பற்கள். சிலவற்றின் உட்புறத்தில் ஊதாச் சாயம். ஓட்டின் வளையங்களை எண்ணி வயது சொல்கிறவர்கள் உண்டு. புயலில் புரண்டாலும், இரை குறைந்தாலும் வளையம் விழும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. ஆண், பெண் தனித்தனி. விந்தும் முட்டையும் நீரில் கலந்து, குஞ்சு முதலில் மிதவையாக அலைந்து, பிறகு ஏதோ ஒரு கரையில் இறங்கும். எந்தக் கரையில் எந்த ஆண்டு எவ்வளவு இறங்கும் என்பது சீராக இருப்பதில்லை. ஒரு கரையில் ஒரே அளவு மட்டிகளே நிறைந்திருந்தால் அவை ஒரே ஆண்டு இறங்கிய கூட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சதுர்த்தி, எலாண்ட்ஸ் பே

இங்கே வந்தது ஆபத்தைப் பற்றி எழுத. இந்தக் கரையில் கோடைக் கடைசியில் ரெட் டைடு வரும், அதாவது நுண்பாசி பெருகிக் கடல்நீர் சிவக்கும். தெற்குக் காற்று அடிநீரை மேலேற்றி உரம் கொடுக்க, காற்று ஓய்ந்ததும் நுண்பாசி கட்டுக்கடங்காமல் பெருகிக் கரையை ஒட்டிக் குவியும். அது செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். 1997-இல் இந்த விரிகுடாவில் ஏறத்தாழ 2,000 டன் பாறை இறால் மூச்சுமுட்டிக் கரையேறி மடிந்தது.

மட்டி தின்கிறவருக்கு அதைவிடப் பெரிய கவலை நஞ்சு. அலெக்சாண்ட்ரியம் கேட்டனெல்லா என்ற பாசியின் நஞ்சு நரம்பைத் தாக்கும். மட்டி அந்தப் பாசியை வடிகட்டித் தின்றும் சாவதில்லை. நஞ்சைச் சதையில் சேர்த்துக்கொள்ளும். நீரின் சிவப்பு மறைந்த பிறகும் மட்டிக்குள் நஞ்சு தங்கியிருக்கும். சில சமயம் நிறமே மாறாத நீரிலும் மட்டியில் நஞ்சு ஏறியிருக்கலாம். வேகவைத்தாலும், பொரித்தாலும், உறையவைத்தாலும், வினிகரில் ஊறவைத்தாலும் போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, ஈ உட்காருகிறதா என்ற சோதனைகள் வெறும் பேச்சு. ஆய்வகத்தில்தான் தெரியும், 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் என்பது உணவுக்கான உச்சவரம்பு.

அறிகுறி உதட்டிலும் நாக்கிலும் ஊசி குத்தும் மதமதப்பாகத் தொடங்கும், பெரும்பாலும் தின்ற அரை மணி நேரத்துக்குள். பிறகு விரல் நுனிகள், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், கடைசியில் மூச்சுத் தசைகள். மாற்று மருந்து கிடையாது. மூச்சைக் காத்து நேரத்தைக் கடத்துவதே சிகிச்சை என்பதால் உதடு மரத்த உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலை வரை பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. மீன்வளத் துறையின் எச்சரிக்கை இருக்கும் வாரங்களில் மேற்குக் கரை மட்டியைத் தொடாமல் இருப்பதே சரி. தூண்டிலுக்கு எடுக்கலாம், அடுப்புக்கு வேண்டாம்.

பஞ்சமி, கேப் டவுன், ரைலண்ட்ஸ்

எச்சரிக்கை எதுவும் இல்லாத கரையில் திருதியையன்று எடுத்த மட்டி இன்று சமையலுக்குத் தயார். இடையில் நடந்தது மணல் கக்கவைப்பது. அதற்குக் கடல்நீரே வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மட்டி இறுக மூடிக்கொள்ளும், பிறகு சாகும், மணல் உள்ளேயே இருக்கும். அகலமான தொட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மட்டிக்கு மேல் நான்கு விரல் கடல்நீர் நிற்க, நிழலில் ஓர் இரவும் ஒரு பகலும். இரண்டு மூன்று முறை நீரை மாற்ற வேண்டும். கும்பலாகப் போட்டால் ஒன்று கக்கியதை இன்னொன்று உறிஞ்சும். அடியில் ஒரு கம்பித் தட்டு வைத்து அதன்மேல் மட்டியை வைத்தால் கக்கிய மணல் கீழே தங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியின் பின்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த மட்டி கக்கவே கக்காது, மூச்சுமுட்டி இறந்திருக்கும். ஈரச் சாக்குதான் சரி.

அடுப்பில் ஏற்றுமுன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கவும். திறந்திருப்பது தட்டியதும் மூட வேண்டும். மூடாததை எறியவும். மூடியிருந்தும் அளவுக்கு மீறிக் கனப்பது மணல் நிரம்பிய செத்த ஓடாக இருக்கும். ஒன்றே ஒன்று முழுச் சட்டியையும் கெடுத்துவிடும்.

50 மட்டிக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். மூடி போட்டு, பெருந்தீயில் நான்கைந்து நிமிடம். திறந்ததைத் திறந்ததும் எடுத்துவிட வேண்டும், காத்திருந்தால் பாதம் ரப்பராகும். வடிந்த நீரைத் துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளவும். உப்பு அதிலேயே இருக்கிறது. சதையின் நடுவில் கரும்பச்சையாகத் தெரியும் குடல் பகுதியைக் கிள்ளி எடுத்துவிட்டுப் பாதத்தை இரண்டாக அரியவும். குழம்புக்கு டர்பன் மசாலா மூன்று தேக்கரண்டி, இரண்டு வெங்காயம், இரண்டு தக்காளி, பூண்டு, கறிவேப்பிலை, எலுமிச்சை அளவு புளி. உருளைக்கிழங்கு சேர்ப்பதானால் அதை மசாலாவிலேயே வேகவிட்டு, மட்டியைக் கடைசி மூன்று நிமிடத்தில் போடுவது சரி. மட்டி நீரை ஊற்றிக் கொதிவந்த பிறகுதான் உப்பு பார்க்க வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது.

தூண்டிலுக்கு ஒதுக்கியதை வேகவைக்கக் கூடாது. மெல்லிய கத்தியை ஓட்டின் இரு முனையிலும் செருகி மூடுதசைகளை அறுத்து, சதையை முழுசாக வழித்தெடுக்கவும். கொக்கியை முதலில் கெட்டியான பாதத்தில் ஏற்றி, தளதளப்பான பகுதியை மேலே சுற்றி, மெல்லிய மீள்நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாமல் வீசினால் சதை ஒரு பக்கம், கொக்கி ஒரு பக்கம். மேற்குக் கரையில் கல்யூன் மீனுக்கு இதைவிடச் சிறந்த இரை இல்லை என்பார்கள். அந்த மீனுக்கு அக்டோபர் 15 முதல் பிப்ரவரி முடிய தடைக்காலம். மற்ற மாதங்களில் ஒருவருக்கு இரண்டு, 35 செ.மீ.க்குக் குறையக் கூடாது.